பார்க்க வருகிறவர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்டு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. அண்ணன்தான் அனுப்பியிருக்கிறான். உறையின் மேல் 'பெருமையோடு படிக்கவும்' என்று எழுதியிருந்தான். பெருமையோடுதான் பிரித்தேன்.

உங்கள் சமூகப்பணித் துறைக்கு இந்த வருஷம் பக்கம் பக்கமாக அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு தராததைப் பற்றி உங்கள் தடித்த பேராசிரியர் எழுதிய புத்தகம் ஒரு பக்கத்தில். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடித் தெருத் தெருவாக அலைந்த விரிவுரையாளர் இன்னொரு பக்கத்தில். எல்லாவற்றுக்கும் நடுவில், முழுப் பக்கத்துக்கு நீங்கள். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய உங்கள் ஆய்வுக்குத் தேசிய விருது. படத்தில் நன்றாக இருக்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னது யார்? நல்ல யோசனை.

படத்துக்குக் கீழே நீங்கள் சொன்னதாக ஒரு வரி போட்டிருந்தார்கள். 'இந்தப் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் போய்க் கேட்டேன்.' அதைப் படித்துவிட்டு மலரை மூடி வைத்தேன். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் ஆகியிருந்தது.

அண்ணி, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் நில அளவை வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டோடு இருக்க ஆரம்பித்தும் அதே ஆறு வருஷம். நீங்கள் ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாத பெண்களிடமெல்லாம் "நல்லா தூங்கறீங்களா, உங்களுக்குன்னு கொஞ்ச நேரமாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் நீங்கள் கடைசியாகக் கேட்டது, "அப்பாவுக்கு மோஷன் போச்சா?"

இதைப் போனில் சொல்லலாம். ஆனால் அப்பாவுக்குப் பேச்சுதான் முக்கால்வாசி போயிற்று, காது போகவில்லை. கொல்லைப்புறத்தில் நின்று நான் முணுமுணுத்தால்கூடத் திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்கிறார். செய்தியாகத் தட்டினாலோ எனக்குக் கோபம் மட்டும் முழுதாக வருகிறது, விளக்கம் வருவதில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

விருதுக்குப் பாராட்டுகள். இதையும் மனதாரத்தான் சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 17

அன்புள்ள முழக்கோலுக்கு,

சின்ன வயதில் கதவு, ஜன்னல், நாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருந்தாய் என்று உன் அண்ணன் வைத்த பெயர். இன்று நானும் எடுத்துக்கொள்கிறேன். என்னையும் அளந்துவிட்டாய் அல்லவா.

பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன். உன்னை ஏன் ஆய்வில் சேர்க்கவில்லை? சொந்தக் குடும்பத்தைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. சேர்த்திருந்தால் நீ எனக்குப் பிடித்த மாதிரிப் பதில் சொல்லியிருப்பாய், அல்லது எனக்குப் பிடிக்காத மாதிரி. இரண்டுமே ஆய்வுக்கு உதவாது.

அண்ணியாக ஏன் கேட்கவில்லை என்பதுதான் உன் கேள்வி என்று எனக்குத் தெரியும். கேட்டேன். அப்பா படுத்த முதல் வருஷம், நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். "ஒரு ஆளைப் போடட்டுமா?" என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கப்பாவை நான் பார்த்துக்கறேன் அண்ணி. வேற யாரும் தொட வேணாம்" என்றாய். அதே வாக்கியத்தை அப்புறம் வீடு வீடாகக் கேட்டேன். பேச்சுவழக்கு மாறும், வாக்கியம் மாறாது. ஒரு பெண் அதை முதல் மாதம் சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகு யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஆய்வில் நான் கண்டுபிடித்ததே இதுதான்.

இந்த வேலையைப் பற்றி நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதனால் சில ஊர்களில் ஓய்வு நாள் திட்டம் வந்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்வார், வீட்டுப் பெண் வெளியே போகலாம். தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி முதல் சில வாரம் அந்த நாள் முழுக்கத் தூங்கினாள். அப்புறம் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். "எங்கே போனீங்க?" என்று கேட்டேன். "கடைசி ஸ்டாப்புக்கு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு களை. எனக்கு விருது அன்றைக்கே கிடைத்துவிட்டது.

முழு அறிக்கையை இத்துடன் அனுப்புகிறேன். நான்காவது அத்தியாயத்தைக் கட்டாயம் படி. இன்னொரு செய்தி: துறைத் தலைவர் பதவிக்கு நானும் போட்டியில் இருக்கிறேன். மார்ச் கடைசியில் நேர்முகத் தேர்வு.

அண்ணி


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

படித்தேன். அப்பா மதியம் கண்ணயரும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. நீங்கள் எழுதுவது இவ்வளவு புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேராசிரியர்கள் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

நான்காவது அத்தியாயத்தின் தலைப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'பார்க்க வருகிறவர்கள்.' அதிலிருந்து உங்களுக்கே எடுத்து எழுதுகிறேன்:

'மகன் வருகிறான். கட்டிலின் ஓரத்தில் அமர்கிறான். தந்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறான். "நல்லா இருக்காரே" என்கிறான். அவரை நன்றாக வைத்திருப்பது யார் என்ற கேள்வி அவனுக்கு வருவதில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "உடம்பைப் பார்த்துக்கோ" என்று சகோதரியிடம் சொல்கிறான். எப்படி என்று சொல்வதில்லை.'

அண்ணி, இது எங்கள் அண்ணன். குடும்பத்தைச் சேர்க்கக் கூடாது என்பது விதி என்றீர்கள். இவன் எந்த வழியாக உள்ளே வந்தான்?

இப்போது நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் பழைய அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டிருக்கிறார். பெரிய நீர்த்தேக்கம் ஒன்றின் அடியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு வருஷ வேலை. அளவைக் குழுவுக்கு நான் தலைமை. போன வருஷமும் வேறொரு வேலைக்குக் கூப்பிட்டார். முடியாது என்று நானே சொல்லிவிட்டு, அன்றைக்கு வீட்டைக் கழுவித் தள்ளினேன். இந்தத் தடவை மார்ச் பாதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையைப் படித்த பிறகு முடியாது என்று எழுதக் கை வரவில்லை.

முழுநேரம் ஓர் ஆளைப் போடலாம் என்று சொல்லாதீர்கள். எனக்கு வேண்டியது என் அண்ணன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திறக்க வைக்கிற பல் டாக்டருக்கு, பெற்ற அப்பா வாயில் ஒரு கரண்டி சாப்பாடு ஊட்டத் தெரியாமல் போகுமா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 4

அன்புள்ள முழக்கோலுக்கு,

சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னது என் தப்பு. உன் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

"ஒரு வருஷமா? அப்போ கிளினிக்கை யாரு பார்க்கறது?"

"அவ வேலையை யாரு பார்த்தாங்க இத்தனை நாள்?"

"அவதான் விட்டுட்டாளே."

"ஏன் விட்டா?"

"அவ நல்லா பார்த்துக்கறாடி. என்னால அப்படியெல்லாம் முடியுமா? எனக்கு முதுகு வேற வலிக்குது."

நான் வாதாடவில்லை. வகுப்பில் இருபது வருஷமாக வாதாடிக் கற்றுக்கொண்டது, எப்போது நிறுத்துவது என்பதைத்தான். உள்ளே போய் அறிக்கையை எடுத்து வந்து, நான்காவது அத்தியாயத்தைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இத்தனை வருஷமாக நான் எழுதியதில் ஒரு பக்கம்கூட அவர் படித்ததில்லை. விருது வந்தால் கேக் வாங்கி வருவார். கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார்.

"இது நானா?"

"இல்லை. வேற வேற ஊர்ல இருக்கற நிறைய பேர்."

"எல்லாரும் என்னை மாதிரியே இருக்காங்களே."

அன்றிலிருந்து கிளினிக்குக்குப் போகிறார், வருகிறார், ஒரே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். அந்தச் செடி இனி பிழைக்காது.

நான் உன் பக்கம்தான். ஆனாலும் என் மனதில் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. நேர்முகத் தேர்வு நெருங்குகிறது. எதிரே நிற்பவர் என்னைவிட மூத்தவர், செல்வாக்கு உள்ளவர். இந்த நேரத்தில் வீட்டில் பூகம்பம் வேண்டாமே என்று ஒரு மனம் சொல்கிறது. பயிற்சி பெற்ற ஒருவரை முழுநேரமாக ஏற்பாடு செய்ய என்னால் முடியும். நம்பிக்கையான ஆள். நீ நிம்மதியாகப் போகலாம். அண்ணனை மெதுவாக வழிக்குக் கொண்டு வருவோம். யோசித்துச் சொல்.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

யோசித்தேன். உங்கள் அறிக்கையில் ஏழாவது அத்தியாயத்தில் நீங்கள் எழுதியிருப்பது நினைவிருக்கிறதா? 'மெதுவாக என்ற சொல்லை இந்த வீடுகளில் ஆண்கள் சொல்வதில்லை. ஆண்களுக்காகப் பெண்கள் சொல்கிறார்கள்.' அந்த அத்தியாயத்தை எழுதியவரைக் கொஞ்சம் அனுப்பிவையுங்கள். அவரோடு பேசிக்கொள்கிறேன்.

கோபத்தில் இன்னொன்று உறைத்தது. நீங்கள், நான், அண்ணன் மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா ரயில் ஓட்டியவர். எவ்வளவு நீளமான வண்டியையும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியவர். அவருடைய வண்டியை நாம் மூன்று பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று மாலை தலையணையை உயர்த்தி வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான்காவது அத்தியாயத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன். மகன் கையைப் பிடித்துக்கொள்கிற இடம் வந்ததும் அப்பாவின் வாய் கோணி ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று பயந்துபோய்ப் பார்த்தேன். சிரிக்கிறார்.

வேலையைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு படி ஏறுவது மாதிரி என்று உங்களுக்குத் தெரியும். காத்திருந்தேன்.

"நீ... போ."

"உங்களை யாரு பார்த்துக்கறது?"

"ரெண்டு... பிள்ளை... எனக்கு."

அவ்வளவுதான். பிறகு இடது கையால் போனைக் காட்டினார். அண்ணன் நம்பரைப் போட்டு அவர் காதில் வைத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். அப்பனும் பிள்ளையும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதிக நேரம் ஆகவில்லை.

இன்று காலை சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்புகிறேன். இது மிரட்டல் இல்லை. அப்பாவை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று உங்களுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு நாள் எல்லோரும் நிம்மதியாக இருந்தீர்கள். இந்தத் தடவை அதை நம்ப வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 30

அன்புள்ள முழக்கோலுக்கு,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. சொல்ல நிறைய இருக்கிறது, சிரிக்காமல் எழுத வரவில்லை.

அப்பா போனில் என்ன சொன்னார் என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "ஒரே வார்த்தைதான். 'வா'ன்னார். ஞாயித்துக்கிழமை வரட்டுமாப்பான்னு கேட்டேன். ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் 'பெட்டியோட'ன்னார்." இதைச் சொல்லிவிட்டு அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தார்.

"வெறும் பெட்டியோட போய் என்ன செய்வீங்க? வேலை தெரிய வேண்டாமா?" என்று எங்கள் துறையில் நடக்கும் மாற்றுப் பராமரிப்பாளர் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டேன். வகுப்பை நடத்துகிறவர் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உன் அண்ணன் போனதும், "நானும் டாக்டர்தான்" என்று அறிமுகம் செய்துகொண்டிருக்கிறார். அந்த அம்மா, "பரவாயில்லை, உட்காருங்க" என்றாராம்.

முதல் செய்முறை வகுப்பில் நோயாளியாகப் படுக்க எங்கள் தடித்த பேராசிரியர் தானாக முன்வந்தார். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். காலை எங்கே ஊன்றுவது, முழங்காலை எப்படி மடக்குவது என்றெல்லாம் நர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அண்ணன் வீரமாகக் குனிந்து தூக்கினார். இரண்டு பேரும் மெத்தையில் விழுந்தார்கள். பேராசிரியர் அடியில் கிடந்தபடியே, "டாக்டர், வந்ததுதான் வந்தீங்க, எனக்குக் கடவாய்ப் பல் ஒண்ணு ஆடுது, அதையாவது பாருங்க" என்றார். மாணவர்கள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அந்த வாரம் தேறவில்லை. அடுத்த வாரம் மறுபடி போனார். முதுகை வளைக்காமல், காலில் பலத்தை வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தூக்கினார். "இப்போ வலிக்கலையே" என்று தன் முதுகைத் தானே தடவிப் பார்த்தார்.

இனி ஏற்பாடு. கிளினிக்கில் கூட வேலை செய்யும் இளைய டாக்டர் வார நாட்களைப் பார்த்துக்கொள்வார். உன் அண்ணன் வெள்ளிக்கிழமை மாலைவரை அப்பாவோடு. சனி, ஞாயிறு நான் அங்கே, அவர் இங்கே. இடையில் யாருக்காவது முடியாமல் போனால் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா உதவுவார், பேசிவிட்டேன். நீ நோட்டம் விட்டு ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

நேர்முகத் தேர்வு நேற்று முடிந்தது. குழுவில் இருந்த ஒரு பெரியவர், "தலைவர் ஆனால் சனி ஞாயிறிலும் நிர்வாக வேலை இருக்குமே, உங்களுக்கு வசதிப்படுமா?" என்று கேட்டார். என்னோடு போட்டியிட்டவரிடமும் இதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

"வசதிப்படாது" என்றேன். "சனி ஞாயிறு நான் என் மாமனாரோட இருப்பேன். துறையை அஞ்சு நாள்ல நடத்திக் காட்டறேன். நாம மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது இதைத்தான். தலைவருக்கு மட்டும் வேற பாடம் வெச்சிருக்கோமா?"

ஒருவர் தண்ணீர் குடித்தார். முடிவு வர இன்னும் நாளாகும். போனாலும் போகட்டும். அந்த ஏழாவது அத்தியாயத்தை எழுதியவர் வந்துவிட்டார் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

படகில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் கையெழுத்து ஆடும். படகின் அடியில் கட்டியிருக்கும் கருவி ஓசையைக் கீழே அனுப்புகிறது. அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைச் சொல்கிறது. நான் வேலையை விட்ட பிறகு வந்த புதுக் கருவி. முதல் நாள் குழுவில் ஒருவர், "மேடம், இது பழசு மாதிரி இல்லை, நான் பார்த்துக்கறேன்" என்றார். மறுநாள் படகு போக வேண்டிய வழி என்று அவர் திரையில் போட்ட கோடு கரையிலேயே ஏறி நின்றது. சரிசெய்து கொடுத்தேன். இப்போது கேட்டுத்தான் செய்கிறார். மறந்துபோயிருக்குமோ என்று பயந்தேன் அண்ணி. கை மறக்கவில்லை.

எழுத வந்தது வேறு. முதல் வாரம் அண்ணன் எதற்கெடுத்தாலும் கூப்பிட்டான். சாப்பாட்டை எவ்வளவு மசிப்பது, அப்பா முறைத்தால் என்ன அர்த்தம். அடுத்த வாரம் கூப்பிடுவது குறைந்தது. அது எனக்கு ஏன் இப்படிக் குத்துகிறது என்று புரியாமல் இருந்தேன். நேற்று அவனே கூப்பிட்டு, அப்பாவின் குதிகாலில் சிவந்திருக்கிறது, புண்ணாகப் போகிறது போல என்றான். போனிலேயே கத்தினேன். காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னேனா இல்லையா, நான் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்றெல்லாம் கேட்டேன். அவன் பதிலைக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். தலைமைப் பொறியாளரிடம் திங்கட்கிழமை சொல்லப்போகிறேன். ஆய்வு ஆய்வுதான், அப்பா அப்பாதான். உங்கள் இருவர் மேலும் வருத்தம் இல்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 21

முழக்கோலுக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த உங்கள் அலுவலக வண்டியிலேயே இதையும் கையோடு கொடுத்தனுப்புகிறேன், திங்கட்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று. போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டேன் என்கிறாய்.

வராதே.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். குதிகாலை நானே பார்த்தேன். டாக்டரும் வந்து பார்த்தார். தோல் கிழியவில்லை. சிவப்பு இப்போதே மங்கியிருக்கிறது. உன் அண்ணன் தினமும் காலையில் தலை முதல் கால்வரை பார்க்கிறார், அதனால்தான் சிவக்கும்போதே கண்டுபிடித்தார். உன்னிடம் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. நீ கத்திவிட்டு வைத்த பிறகு கொல்லைப்புறத்துக்குப் போய் நின்றார் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் காலைத் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகு நானே சொல்லியும் கட்டிலை விட்டு நகரவில்லை. இது என் முறை, கிளம்புங்கள் என்றால், "நீ பார்த்துக்கோ, நான் சும்மா இருக்கேன்" என்கிறார்.

நீ பார்த்துக்கொண்ட முதல் வருஷம் அப்பாவுக்கு இடுப்பில் புண் வந்தது. ஆழமான புண். ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. உன்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. நீ கற்றுக்கொண்டாய். அதே அவகாசத்தை உன் அண்ணனுக்கும் கொடு.

நீ இப்போது திரும்பி வந்தால் அவர் காலத்துக்கும் பார்க்க வருகிறவராகவே இருந்துவிடுவார். இந்த முறை குற்றம் அவருடையதாக இருக்காது.

பெட்டியை அவிழ்த்து வை. துணி கசங்கும்.

ஆமாம், என்னைத் துறைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அறிவித்தார்கள். அந்தத் தண்ணீர் குடித்தவர்தான் எனக்காகப் பேசினாராம்.

அண்ணி


ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் விருது வாங்கப் போயிருந்த இரண்டு நாளும் நான் வீட்டில் இருந்தேன். நீங்கள் இல்லாமல் போனதால் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

விடுப்பில் வந்து இறங்கியதும் நேரே அப்பாவின் அறைக்குப் போனேன். மெலிந்திருப்பார் என்று நினைத்தேன். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. பல் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. பல் டாக்டர் பிள்ளை வேறெதில் விட்டாலும் அதில் விடுவானா? போர்வையைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். "நீ உட்காரு, வந்த களைப்பு இருக்கும்" என்று அண்ணன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து டீ கொண்டுவந்து கொடுத்தான். சர்க்கரை அதிகம். விருந்தாளி மாதிரிக் குடித்தேன்.

மாலையில் உங்கள் விழாவை நேரலையாகப் பார்த்தோம். கம்ப்யூட்டரை அப்பாவின் கட்டில் மேல் பலகை போட்டு வைத்தான். உங்கள் துறையின் பெயரைச் சொன்னபோது கூட்டத்தில் எழுந்து நின்று விசிலடித்தது அந்தத் தடித்த பேராசிரியர்தானே? நீங்கள் மேடை ஏறிப் பேச ஆரம்பித்தீர்கள். 'இந்த விருதை என் மாணவர்களுக்கும், எங்களுக்குக் கதவைத் திறந்த பெண்களுக்கும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பாவைப் புரட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அண்ணன் ஒரு பட்டனை அழுத்தினான். நீங்கள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றீர்கள். அவன் நிதானமாக அப்பாவின் தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்துப் புரட்டி, முதுகில் தலையணை வைத்து, குதிகாலைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி பட்டனை அழுத்தினான். நீங்கள் தொடர்ந்து பேசினீர்கள். நல்ல பேச்சு அண்ணி. கையை மட்டும் அவ்வளவு ஆட்ட வேண்டாம்.

மறுநாள் மதியம் நான் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. செய்ய வேண்டியது எல்லாம் செய்து முடித்து வைத்திருந்தான். ஆறு வருஷமாக அந்த அறையில் நான் சும்மா உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச வாயெடுத்தார். ஏதாவது வேண்டுமோ என்று எழுந்தேன்.

"உக்காரு" என்று கண்ணாலேயே சொன்னார். பிறகு, "அங்க... எவ்வளவு... ஆழம்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அணைக்குப் பக்கத்தில் எவ்வளவு, ஆறு வந்து சேரும் இடத்தில் எவ்வளவு, அடியில் வண்டல் எப்படி நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது என்று போர்வை மேலேயே விரலால் வரைந்து காட்டினேன். அவர் இடது கையை எடுத்து, நான் வரைந்த ஆற்றின் மேல் வைத்தார்.

"பாலம்... இருக்கா?"

"இருக்குப்பா. தண்ணிக்கு அடியில. அணை கட்டினப்போ முங்கிப் போன பழைய ரயில் பாலம். எங்க கருவியில தூண் தூணா தெரியுது."

"ஓட்டி... இருக்கேன்." ஒவ்வொரு சொல்லாக ஏறி வந்தார். "அதுல... நான்... வண்டி... ஓட்டி... இருக்கேன்."

எனக்குத் தெரியாது அண்ணி. அந்தப் பாலத்தின் மேல் நான் இரண்டு மாதமாகப் படகில் போய் வந்துகொண்டிருக்கிறேன். எந்த வருஷம், எந்த வண்டி, பாலத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். சில சொற்கள் வரவில்லை. அதற்குப் பதில் கையை ஆட்டினார்.

அப்போது அண்ணன் உள்ளே வந்தான். கையில் துண்டு. "பேசினது போதும். அவருக்குத் தூங்கற நேரம். மிச்சத்தைச் சாயங்காலம் பேசிக்கோங்க" என்று என்னை எழுப்பி அறையை விட்டு வெளியே அனுப்பினான்.

அப்பா அவனை முறைத்தார். அந்த முறைப்புக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "முறைக்காதீங்க, அரை மணி நேரம்தான்" என்று ஜன்னலைச் சாத்தினான்.

நான் அறைக் கதவை மூடிவிட்டு, காலாற நடக்கத் தெருவில் இறங்கினேன்.

உங்கள் நாத்தனார்